கண்ணுக்கு எட்டாத செய்தி

1933 மார்ச்சில் நாஜி ஜெர்மனியில் கோயபல்ஸின் பிரசார அமைச்சகம் உருவானது. ஆகஸ்டில் எளியவர்களும் வாங்கக்கூடிய விலையில் 'மக்கள் வானொலி' விற்பனைக்கு வந்தது. 1939இல் போர் மூண்டதும் வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்பது குற்றமானது. ஒரு குரலை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு மற்றக் குரல்களை அடைத்தார்கள்.

இத்தகைய பிரசாரத்தை ஆராய்ந்தவர்களில் ஹன்னா அரெண்ட் (1951) முதன்மையானவர். தலைவரை மனமார நம்புகிறவரைவிட, மெய்யையும் புனைவையும் பிரித்தறிய முடியாமல் போனவரே சர்வாதிகாரத்துக்கு உகந்த குடிமகன் என்றார். பிறர் சொல்லித் தெரிந்துகொள்ளும் செய்திகளிலேயே வாழ்கிற படித்தவர்கள்தாம் பிரசாரத்துக்கு எளிதில் இரையாகிறார்கள் என்றார் ழாக் எல்லுல் (1962). இவர்களைவிட எனக்கு நெருக்கமானவர் வரலாற்றாசிரியர் இயான் கெர்ஷா. மக்களிடம் ஏற்கெனவே இருந்த நம்பிக்கைகளை ஒட்டிப் போனபோது நாஜிப் பிரசாரம் வென்றது, அன்றாட அனுபவத்தோடு மோதியபோது தோற்றது என்பதைக் காட்டியவர் அவர்.

அவர் சொன்னதை நம் மண்ணிலேயே உரசிப் பார்க்கலாம். இந்திரா காந்தியின் நெருக்கடி நிலை முழுச் சர்வாதிகாரம் அல்ல. அதன் இறுதியில் தேர்தல் நடந்தது, அவர் தோற்று விலகினார். ஆனால் கருவிகள் சர்வாதிகாரத்தினுடையவையே. 1975 ஜூன் 25 நள்ளிரவுக்குப் பின் பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. 1976இல் நான்கு செய்தி நிறுவனங்களை இணைத்து 'சமாச்சார்' என்ற ஒன்றாக்கினார்கள். அகில இந்திய வானொலி இருபது அம்சத் திட்டத்தின் புகழை ஓயாமல் பாடியது.

தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. மிசா என்ற தடுப்புக்காவல் சட்டத்தில் கைதானவர்களின் பெயரை அச்சிட வழியில்லை. பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாளன்று, சமாதிக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று ஒரு பட்டியலைத் தி.மு.க. நாளேடான 'முரசொலி' வெளியிட்டது. வாசகர்கள் புரிந்துகொண்டார்கள். தணிக்கைக்கு நம் மொழியில் கிடைத்த மிகச் சிறந்த பதில் இதுதான் என்பேன். ஆனால் அது கட்சிக்காரரின் வீட்டைத் தாண்டி எவ்வளவு தூரம் போயிருக்கும்? சென்னைச் சிறையில் தாக்கப்பட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். சிறைக்குள் நடந்ததை நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது தேர்தலுக்குப் பிறகுதான்.

1977 மார்ச்சில் நடந்த அந்தத் தேர்தலில் உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளில் ஒன்றுகூடக் காங்கிரசுக்குக் கிடைக்கவில்லை. கட்டாயக் கருத்தடையை அங்கே ஊர் ஊராகக் கண்ணால் பார்த்திருந்தார்கள். வானொலி எதைச் சொல்லியும் பயனில்லை. தமிழ்நாட்டிலோ 39இல் 34 இடங்கள் காங்கிரஸ், அ.தி.மு.க. அணிக்குப் போயின. பழனித் தொகுதியில் வென்றவர் நெருக்கடி நிலைக்கால நிதியமைச்சர் சி. சுப்பிரமணியம். எம்.ஜி.ஆரின் செல்வாக்கும் பசுமைப் புரட்சியில் சுப்பிரமணியத்துக்கு இருந்த பெயரும் இதில் சேர்ந்தே இருந்தன. பிரசாரம் ஒன்றே காரணம் என்பது அநியாயம். ஆனாலும் பழனிக்குப் பக்கத்து நெய்க்காரப்பட்டி வெல்ல மண்டிக்கு வந்துபோன விவசாயிக்கு டெல்லி துர்க்மான் கேட்டில் வீடுகள் இடிக்கப்பட்டதையும், அங்கே துப்பாக்கிச் சூடு நடந்ததையும் யார் சொல்லியிருப்பார்கள்? சொல்லப்பட்ட பொய்களைவிடச் சொல்லாமல் விட்ட செய்திகளே இங்கே அதிகம் வேலை செய்தன என்பது என் முடிவு.

அந்த இருபத்தொரு மாதங்களில் வாக்களிக்கும் வயதில் இருந்தவர்களுக்கு இன்று எழுபதைக் கடந்துவிட்டது. அப்போது வானொலியில் என்ன கேட்டார்கள், எதை நம்பினார்கள், எது எப்போது தெரியவந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள்.