இல்லாத 'நி'

பாட்டு கற்க வந்த பிள்ளையைப் பார்த்து 'இதுக்கு நொட்டேஷன் படிக்க வரல' என்று சொல்லிவிடுவது ரொம்ப சுலபம். நம் ஆரம்பப் பாடப் புத்தகங்களைப் புரட்டினால் அந்தப் பழியை எங்கே வைக்கணும் என்று தெரிந்துவிடும்.

முதல் சரளி வரிசை மாயாமாளவகௌளையில் வரிசையாக ஏறி இறங்குகிறது. அதைப் பாடக் கண்ணே வேண்டாம், காது போதும். ஜண்டை, தாட்டு என்று மாசக்கணக்கில் விரல் தாளில் ஓடும், மனசு மனப்பாடத்தில் ஓடும். குட்டு வெளிப்படுவது மலஹரியில்தான். 'ஸ்ரீகணநாத' கீதம் ஸட்ஜத்தில் அல்ல, மத்திமத்தில் தொடங்குகிறது. தைவதத்திலிருந்து நேராக மேல் ஸட்ஜத்துக்குப் போகிறது. மலஹரியில் நிஷாதமே கிடையாது. பிள்ளையோ பழக்க தோஷத்தில் நடுவே ஒரு 'நி'யைச் செருகும். அச்சில் இல்லாத எழுத்தைப் பாடுகிறதென்றால், அதுவரை அது எதையும் வாசிக்கவே இல்லை. நானும் அப்படிச் செருகியவன்தான்.

மேற்கத்திய ஐந்து கோட்டில் ஒலி ஏறினால் குறியும் ஏறும். நம்முடையதில் எல்லா எழுத்தும் ஒரே மட்டத்தில் உட்கார்ந்திருக்கும். மேல் ஸ்தாயிக்குத் தலையில் ஒரு புள்ளி, கீழ் ஸ்தாயிக்கு அடியில் ஒன்று. மலிவு அச்சில் அதுவும் விழாது. எந்த 'ரி' என்பதை மேலே இருக்கும் ராகப் பெயர்தான் சொல்லணும். கமகம் பற்றிப் பேச்சே இல்லை. சுப்பராம தீட்சிதர் 1904இல் தெலுங்கில் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினி'யில் கமகங்களுக்குத் தனிக் குறிகளே போட்டார். பெரிய உழைப்பு. ஆனாலும் ராகத்தைக் காதால் அறிந்தவரிடம்தான் அந்தப் புத்தகமும் முழுசாகப் பேசும்.

கேட்டதை நினைவூட்டத்தான் நம் ஸ்வரக்குறிப்பு என்றால், கேட்டதை எழுதுவதிலிருந்துதானே வாசிப்பைத் தொடங்கணும்? எழுதியதைக் கொடுத்து வாசி என்கிறோம்.

திருவெண்ணெய்நல்லூரில் இதற்கு நல்ல பாடம் கிடைக்கிறது. பித்தன் என்று திட்டிய சுந்தரரை, அதே சொல்லால் பாடச் சொல்லி இறைவன் கேட்டதாகப் பெரியபுராணம் சொல்லும் ஊர். அந்த முதல் பதிகத்தின் தலையில் இருப்பது 'இந்தளம்' என்ற பண்ணின் பெயர் மட்டுமே. ஸ்வரம் ஏதும் எழுதி வரவில்லை. இன்று ஓதுவார்கள் இந்தளத்தை நாதநாமக்கிரியையில் பாடுகிறார்கள். அது மாயாமாளவகௌளையின் ஜன்யம். அதாவது, சரளி முடித்த பிள்ளைக்கு அதிலுள்ள எல்லா எழுத்தும் ஏற்கெனவே தெரியும். வழிதான் வேறு. மேல் ஸட்ஜத்தைத் தொடாமல் நிஷாதத்தோடு திரும்பிவிடும், கீழே மந்தர நிஷாதம் வரை இறங்கும்.

ஓதுவார் பாடும் முதல் அடியை நாலு தடவை கேட்டு நோட்டில் எழுதச் சொல்லலாம். இரண்டு 'நி'யில் எதற்கு அடிப்புள்ளி என்று பிள்ளையே முடிவு பண்ணட்டும். பிறகு நோட்டைப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்துப் பாடச் சொல்லணும். புள்ளி விட்டுப்போயிருந்தால் குரல் மேலே தாவும். எழுதின பிள்ளை, 'ஐயோ, அது கீழ் நி!' என்று கத்தும்.