பாட்டுப் புத்தகம்

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் விலைபேசும் வேப்பனப்பள்ளியில் வாழ்பவனுக்கு, 1931 அக்டோபர் 31-ஆம் தேதி வெளிவந்து, தமிழின் முதற் பேசும்படமெனப் போற்றப்படும் ‘காளிதாஸ்’ சித்திரத்தில் டி. பி. ராஜலக்ஷ்மி தமிழில் பேச, நாயகர் தெலுங்கில் விடையிறுத்தார் என்ற செய்தி ஆச்சரியம் விளைவிப்பதில்லை. எங்கள் வீதியில் அது தினசரி சம்பாஷணைதான். ஆனால் அச்சித்திரத்தின் பிரதி நமக்குக் கிட்டவில்லை. அதற்கு முன் நடராஜ முதலியார் எடுத்த மௌனப்படமான ‘கீசக வத’மும் மறைந்தது.

இவ்விதம் மறைந்தவற்றின் சரித்திரத்தை எழுதப் புகுந்த தியடோர் பாஸ்கரன் போன்றோருக்குக் கைகொடுத்தது, கொட்டகை வாயிலில் சில காசுகளுக்கு விற்ற பாட்டுப் புத்தகம். மட்டக் காகிதம், மங்கிய மை, முகப்பில் நாயகியின் முகம், உள்ளே நடிகர் ஜாபிதா, ராக தாளக் குறிப்போடு பாடல்கள், இவற்றுக்கு முன்னே கதாசங்கிரகம். அதுவோ, நாயகி ஆபத்தில் அகப்பட்ட கணத்திலேயே நின்று, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று கைவிரித்துவிடும். அந்த வெள்ளித்திரைச் சித்திரமே அழிந்தபின், மீதியை எங்கே காண்பது!

தைவான் தீவிலும் இதே சங்கடம். 1950-களின் மத்தியிலிருந்து அங்கே உள்ளூர்ப் பேச்சுமொழியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டன, பெரும்பகுதி அழிந்தது. பின்னாளில் அத்தீவில் உருவாகி, 1989-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்க விருது பெற்ற ஹௌ சியாவ்-சியெனின் ‘சோக நகரம்’ படத்திலோ மாந்தர் பல மொழிகளில் உரையாடுகின்றனர்; எங்கள் ஊரார் அதைக் கண்டால் மொழிக் கலப்பைப் பற்றி ஒன்றுமே கேட்கமாட்டார்கள்.

என்னிடமுள்ள ஒரு பாட்டுப் புத்தகத்தில் கம்பித் தையல் துருவேறிவிட்டது. கடைசித் தாளில், யாரோ பென்சிலால் சந்தைக் கணக்கைத் தெலுங்கில் எழுதியிருக்கிறார்கள்.