அண்ணாந்து பார்க்க ஒரு தலைநகர்

தஞ்சாவூர் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரே பாதைதான். காலையில் பெரிய கோயில், வெயில் ஏறுவதற்குள் அரண்மனை, அங்கேயே கலைக்கூடமும் சரஸ்வதி மகாலும், சாப்பாடு, வீட்டுக்கு ஒரு தலையாட்டி பொம்மை, பிறகு தாராசுரம். தெம்பு மிச்சமிருந்தால் கங்கைகொண்ட சோழபுரம். சோழரின் இரண்டு தலைநகரங்களும், நாயக்கரும் மராத்தியரும் இருந்து ஆண்ட அரண்மனையும் இருட்டுவதற்குள் முடிந்துவிடும். பள்ளிக்கூடப் பேருந்தானாலும் வெளிநாட்டுக்காரர் வந்த காரானாலும் இதில் பெரிய மாற்றம் கிடையாது. 2022-ல் ‘பொன்னியின் செல்வன்’ படம் வந்த பிறகு கூட்டம் கூடியதே தவிர, பாதை மாறவில்லை.

தலைநகர் பார்க்கப் போவது எங்குமே இப்படித்தான். டெல்லிக்குப் போனால் செங்கோட்டை, இந்தியா கேட், ராஜ்காட். ஆண்டவர்கள் எதைக் காட்ட நினைத்தார்களோ அதைப் பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்புகிறோம். தஞ்சாவூரில் மட்டும் ஒரு விசேஷம் உண்டு. பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜ சோழன் தன் பெருமையோடு வரவு செலவுக் கணக்கையும் அதன் சுவரிலேயே வெட்டி வைத்துவிட்டுப் போனான். வருகிறவர்கள் அந்தக் கணக்கின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு விமானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள்.

குறை சொல்வதற்கு முன் நிறையைச் சொல்லிவிட வேண்டும், அது சின்ன நிறையில்லை. பெரிய கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. 1987-லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஒரு சின்னத்துக்குள், நடவு முடித்த கையோடு வரும் பெண்களும் கட்டடக் கலை படிக்கும் மாணவர்களும் ஒரே வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நுழைகிறார்கள். பிரதோஷத்தன்று நந்தியைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் யார் பக்தர், யார் சுற்றுலாக்காரர் என்று பிரிக்க முடியாது. கூட்டம் கோயிலின் அமைதியைக் கெடுக்கிறது என்று அலுத்துக்கொள்கிறவர்கள் ஒன்றை யோசிக்கலாம். 1010-ல் கலசம் ஏறிய கோயில் எல்லாச் சாதியாருக்கும் திறந்தது 1939-ல்தான். அன்று பரம்பரை அறங்காவலராக இருந்த தஞ்சை அரச குடும்பத்தவர் திறந்துவிட்டார். டெல்டாவில் வயலில் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பகுதியினருக்கு உள்ளே நடக்கும் உரிமைக்கு இன்னும் நூறு வயது ஆகவில்லை. அந்தக் கூட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

அரண்மனைக் கலைக்கூடத்துக்கும் இதே நியாயம் உண்டு. 1951-ல் தொடங்கியது. திருவெண்காட்டு மண்ணிலிருந்து கிடைத்த ரிஷபவாகனர் அங்கேதான் நிற்கிறார். ஜடையைப் பாம்போடு சுற்றித் தலைப்பாகையாகக் கட்டியிருக்கிறார். கால் மாற்றி நிற்கும் ஒய்யாரம். வலது கை காளையின் மேல் சாய்ந்தபடி மடங்கியிருக்கிறது. காளை இல்லை. வெறும் காற்றில் ஊன்றியிருக்கும் அந்தக் கையைப் பார்த்தால் சாய்ந்திருக்கும் கனம் தெரிகிறது. திருவெண்காட்டுக் கோயிலிலேயே இருந்திருந்தால் பட்டும் மாலையும் மூடி, முகமும் பாதமும்தான் தெரிந்திருக்கும். உடம்பை இப்படிப் பார்க்கக் கிடைத்தது அருங்காட்சியகம் தந்த கொடை. அதற்கான விலை, சாமி தன் ஊரை விட்டு வந்ததுதான்.

ஊரிலேயே விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்குமா என்றால், ஸ்ரீபுரந்தான் கதை இருக்கிறது. அரியலூர் மாவட்டத்தின் அந்தச் சின்ன ஊர்க் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜர், சுபாஷ் கபூர் என்ற வியாபாரி வழியாக, 2008-ல் ஐம்பது லட்சம் டாலர் விலைக்கு ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்குப் போனார். கான்பெராவுக்குத் தலைநகர் பார்க்கப் போனவர்கள் 2014 வரை அவரையும் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். நல்ல வெளிச்சத்தில், பெயர்ப் பலகையோடு. அந்தப் பலகையில் ஸ்ரீபுரந்தான் இல்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்து அந்த ஆண்டு அவர் இந்தியாவுக்குத் திரும்பினார். தஞ்சைக் கலைக்கூடத்தில் குறைந்தது எந்த ஊர்ச் சாமி என்பதாவது எழுதியிருக்கிறது. கான்பெராவோடு ஒப்பிட்டால் அதுவே பெரிய நேர்மை.

இனிக் குறைக்கு வரலாம். பெரிய கோயிலில் வழிகாட்டிகள் சொல்கிற கதைகளில் இரண்டு எல்லோருக்கும் மனப்பாடம். கோபுர நிழல் தரையில் விழாது. உச்சியில் இருப்பது எண்பது டன் ஒற்றைக் கல். நிழல் விழுகிறது, சாயங்காலம் அங்கே நின்றால் யாரும் பார்க்கலாம். உச்சிக் கல் பல துண்டுகளைச் சேர்த்து அமைத்தது என்று ஆய்வாளர்கள் எழுதி எவ்வளவோ காலமாயிற்று. வழிகாட்டிகளை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. குழுவுக்குக் கிடைப்பது அரை மணி. அதற்குள் வாயைப் பிளக்க வைத்தால்தான் கையில் ஏதாவது தேறும். ஆச்சரியத்தைத்தான் நாம் கேட்கிறோம், ஆச்சரியத்தைத்தான் அவர்கள் விற்கிறார்கள்.

ஆனால் சுவரில் இருக்கிற கணக்கு இந்த இரண்டு பொய்யையும்விட ஆச்சரியமானது. கோயிலில் ஆடும் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரை ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்துக் குடியேற்றினான். எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, அந்த வீட்டுக்காரி பெயர் என்ன, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள் என்று வீடு வீடாக எழுதியிருக்கிறது. ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆடியவர்களுக்கு மட்டுமே 40,000 கலம். நெல் அளக்க ஆடவல்லான் என்று மரக்காலுக்கே கூத்தனின் பெயர். அணையா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு, நாளுக்கு ஓர் உழக்கு நெய். நெல்லும் காசும் வர வேண்டிய ஊர்களின் பட்டியல் காவிரிக் கரையில் தொடங்கி ஈழம் வரை நீள்கிறது. போரில் பிடித்த நாட்டின் விளைச்சலும் இந்த விளக்கில் எரிந்திருக்கிறது.

இதில் வேடிக்கை, ராஜராஜன் புகழே இந்த எழுத்துக்குக் கடன்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஹுல்ஷ் என்ற ஜெர்மானியர் இந்தக் கல்வெட்டுகளைப் படித்து வெளியிடும் வரை, கட்டியது யார் என்பதில் ஊரிலேயே ஆளுக்கொரு கதை இருந்தது. சுவரிலிருந்து ராஜாவின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டோம். கணக்கை அங்கேயே விட்டுவிட்டோம். புரியாத கணக்கில்லை அது. கலம், மா, வேலி என்ற அளவுகள் டெல்டா விவசாயிக்கு இன்றும் வாயில் வருகிற சொற்கள். ஒரு கல்வெட்டை இன்றைய எழுத்தில் பெயர்த்து, எட்டும் உயரத்தில் ஒரு பலகை வைத்தால் போதும். சேதப்படுத்தினால் தண்டனை என்று எச்சரிக்கும் பலகைக்கு இடம் இருக்கிற கோயிலில் இதற்கும் இடம் இருக்கும்.

அதே சுவரில், வரி நீக்கிய நிலங்களைச் சொல்லும் இடங்களில், ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்ற வரிசையில் கம்மாணச்சேரியும் பறைச்சேரியும் வருகின்றன. நெல்லை விளைவித்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்பது ராஜராஜனின் அதிகாரிகளுக்குத் தெரியும். சுற்றுலாப் பாதைக்குத்தான் தெரியாது. கும்பகோணத்துக்கு அப்பால் ஆடுதுறையில் 1922-லிருந்து நெல் ஆராய்ச்சி நடக்கிறது. அந்தப் பக்கம் எந்த வேனும் போவதில்லை. கீழ்வேளூருக்குப் பக்கத்தில் கீழவெண்மணி இருக்கிறது. கூலி நெல் கூடுதலாகக் கேட்டு நடந்த போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25 இரவு, ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அங்கே நினைவுச் சின்னம் உண்டு. ஆண்டுதோறும் அந்த நாளில் செங்கொடியோடு ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள், எதற்கு வருகிறோம் என்று தெரிந்தே வருகிறார்கள்.

வெண்மணியையும் சுற்றுலா வேனில் சேருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருபது நிமிடம் நிறுத்தி, டீ குடித்து, செல்பி எடுத்துக்கொண்டு கிளம்பும் இடமாக அது ஆகிவிடக் கூடாது. பள்ளிக்கூடப் பேருந்து விஷயம் வேறு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 40,000 கலத்தையும் வெண்மணியின் கூலி நெல்லையும் ஒரே நாளில் காட்டலாம். சுற்றுலாவை ஆசிரியர்கள் தை மாதத்தில் வைத்தால், சாலையோரக் கொள்முதல் நிலையத்தில் படுதா போட்டு மூடிய நெல்லையும் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போகும் வேன் கும்பகோணத்திலிருந்து அணைக்கரையைக் கடந்துதான் போகிறது. அங்கே கோயிலைக் காட்டி முடித்ததும், மதில் இருந்த இடத்தைக் காட்டுவார்கள். 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது வெள்ளைக்காரன் பெயர்த்துக்கொண்டு போன கல் என்று சொல்லும்போது கேட்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள். கடிக்க வேண்டியதுதான், எத்தனை எழுத்து அந்தக் கல்லோடு போயிற்றோ. ஆனால் அரை மணிக்கு முன்னால் அந்தக் கீழணையைத் தாண்டியபோது யாரும் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. கீழணையில் தேங்கும் தண்ணீர் வடவாறு வழியாக, பராந்தகன் காலத்தில் சோழர் வெட்டிய வீராணம் ஏரிக்குப் போகிறது. 2004-லிருந்து வீராணத்துத் தண்ணீர் குழாயில் சென்னைக்குப் போகிறது. மதில் போயிற்றே என்று அங்கே நின்று வருத்தப்படுகிற கூட்டத்தில் பாதிப்பேர் சென்னைக்காரர்கள்.