மட்டாஞ்சேரியில் மயக்கம், மான்செஸ்டரில் பூர்லி

"மாமா, நீங்கதான் பேஷண்ட். பிரஷர் மாத்திரையை நீங்களா நிறுத்திட்டீங்க. நான் கேட்டாதான் சொல்லணும், சரியா?"

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஞாயிறு சாயங்காலங்களில் நான் நோயாளி. நர்ஸ், பக்கத்தில் வெளி என்ற இடத்தில், தோபி கானா தெருவில் வளர்ந்த தமிழ்ப் பெண். பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஆறு வருஷமாக இங்கேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டூட்டி. இங்கிலாந்து போவதற்காக மூன்றாவது தடவை ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வை எழுதப் போகிறாள். அதன் பேச்சுத் தேர்வுக்குத்தான் இந்த ஒத்திகை: காட்சி அட்டையைப் படிக்க மூன்று நிமிடம், பேச ஐந்து நிமிடம். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு ஆரம்பிப்பாள்.

கேரளத்து நர்ஸ்களில் எத்தனையோ பேரின் வாழ்க்கை இந்தத் தேர்வின் வாசலில் நிற்கிறது. அது எதை அளக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று பார்த்தாக வேண்டும்.

முதலில் அதற்குச் சேர வேண்டிய மதிப்பைக் கொடுத்துவிடலாம். 1980-களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவில், மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் டிம் மெக்நமாரா உருவாக்கிய தேர்வு இது, மருத்துவப் பணியாளர்களுக்கென்றே. அதற்குப் போட்டியான ஐ.இ.எல்.டி.எஸ். நகரப் போக்குவரத்தைப் பற்றியும் சுற்றுலாவைப் பற்றியும் கட்டுரை எழுதச் சொல்லும். ஓ.இ.டி. நோயாளியின் கேஸ் குறிப்புகளைக் கொடுத்து, அவரை இன்னொரு இடத்துக்கு அனுப்பும் கடிதத்தை எழுதச் சொல்கிறது. பிரிட்டனின் நர்சிங் கவுன்சில் 2017 நவம்பரில் இதை ஏற்றுக்கொண்டது சரியான முடிவு. இரண்டில் எது என்றால் ஓ.இ.டி.தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

சந்தேகம் வேறு இடத்தில் இருக்கிறது. 1996-இல் வெளிவந்த தன் நூலில் மெக்நமாராவே ஒரு வேறுபாட்டைச் சொன்னார். வேலையைப் போன்ற ஒரு காட்சியை வைத்துக்கொண்டு மொழியை மட்டும் அளப்பது ஒரு வகை. வேலை நடந்ததா என்றே அளப்பது இன்னொரு வகை. ஓ.இ.டி. முதல் வகைதான். 2018 செப்டம்பரில் பேச்சுத் தேர்வில் புதிய அளவுகோல்களைச் சேர்த்தார்கள்: நோயாளியோடு உறவை உண்டாக்குவது, அவர் பார்வையைப் புரிந்துகொள்வது, தகவலைக் கேட்டு வாங்குவது, விளங்கச் சொல்வது என்று. நல்ல நோக்கம். ஆனால் நோயாளியாக நடிப்பவர் மார்க் போடுவதில்லை. பதிவான குரலைக் கேட்டு, எங்கோ இருக்கும் வேறொருவர் போடுகிறார். கட்டிலோரம் உட்கார்ந்தது, கையைப் பிடித்தது, பேசாமல் காத்திருந்தது எதுவும் அந்தப் பதிவில் ஏறாது.

ஏறுவது எது என்று கோச்சிங் சென்டர்களுக்குத் தெரியும். போன வாரம் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே இந்தப் பெண் "ஐ கேன் அண்டர்ஸ்டாண்ட் ஹவ் யூ ஃபீல்" என்றாள். இன்னும் ஒன்றுமே சொல்லலையேம்மா என்று சிரித்தேன். "அதுக்கு மார்க் இருக்கு மாமா" என்றாள், அவள் சிரிக்காமல்.

பேச்சுத் தேர்வு முழுக்க நோயாளியோடோ அவர் வீட்டாரோடோ பேசுவதுதான். நடுராத்திரியில் டாக்டரைப் போனில் எழுப்பி, பிரஷர் இறங்குகிறது, நீங்கள் இப்போதே வர வேண்டும் என்று தயங்காமல் சொல்வது அதில் இல்லை. தவறினால் உயிர் போகும் பேச்சு அது.

சரி, வார்டில் மொழி எங்கே இடறுகிறது? அதற்கு மட்டாஞ்சேரியைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ், இப்போது கட்டட வேலைக்கு வந்தவர்களின் வங்காளமும் ஒடியாவும். இவள் வேலை பார்க்கும் வார்டில் ஒரு தமிழ்ப் பாட்டி, "மயக்கமா வருது" என்றிருக்கிறார். தமிழில் அது தலைசுற்றி விழப்போகும் நிலை. மலையாளத்தில் மயக்கம் என்றால் கண்ணயர்வது. தூக்கம் வருகிறது போல என்று கூட இருந்த நர்ஸ் போர்வையை இழுத்துவிட்டாராம். இரண்டு மொழியும் தெரிந்த இவள்தான் ஓடிப்போய் பிரஷர் பார்த்தாள். பனி என்ற சொல்லும் இப்படித்தான்: நமக்கு மார்கழிக் குளிர், அவர்களுக்குக் காய்ச்சல்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். வடக்கே ஒரு கிழவர் "பூர்லி" என்றால் உடம்பு முடியவில்லை என்று பொருள். "ஸ்பெண்ட் எ பென்னி" என்றால் அவர் சில்லறை தேடவில்லை, கழிப்பறைக்குப் போக வேண்டும். இதை மெல்பர்னிலிருந்து வரும் வினாத்தாள் கற்றுத்தராது. அங்கே ஆறு மாதம் காது பழகினால் வரும்.

அப்படியென்றால் தேர்வே வேண்டாமா? அந்தக் கட்சியில் நான் இல்லை. 2008-இல் ஜெர்மனியிலிருந்து பிரிட்டனுக்கு வந்த ஒரு டாக்டர், தன் முதல் ஷிஃப்டிலேயே ஒரு நோயாளிக்குப் அளவைவிடப் பத்து மடங்கு டயமார்ஃபின் என்ற வலிமருந்தைக் கொடுத்தார், நோயாளி இறந்தார். அந்த டாக்டர் அதற்குமுன் ஓரிடத்தில் ஆங்கிலத் தேர்வில் தேறாமல், வேறிடத்தில் பதிவு பெற்றவர். அந்தச் சாவுக்கு மொழி மட்டும் காரணமில்லை, மருந்தறிவும்தான். ஆனாலும் ஐரோப்பிய டாக்டர்களின் ஆங்கிலத்தைச் சோதிக்கும் அதிகாரம் 2014-இல் பிரிட்டனின் மருத்துவக் கவுன்சிலுக்குக் கிடைத்ததற்கு அந்த வழக்கு ஒரு காரணம். வாசலில் காவல் வேண்டும்.

காவல் அடாவடியாவதையும் பார்த்தோம். 2021 ஜூனில் டெல்லி ஜி.பி. பந்த் மருத்துவமனை, நர்ஸ்கள் மலையாளத்தில் பேசக் கூடாது, இந்தியோ ஆங்கிலமோதான் என்று சுற்றறிக்கை விட்டது; எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே திரும்பப் பெற்றது. படுத்திருப்பவருக்குப் புரியாத மொழியில் அவர் தலைக்குமேல் பேசுவது தப்புதான், அதற்குக் காரணமான புகாரில் பாதி நியாயம் உண்டு. டீ குடிக்கும் இடத்திலும் வாயைக் கட்டுவது நியாயமே இல்லை.

செலவுக்கு வருவோம். கேரள அரசு 2018-இல் தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்கு 20,000 ரூபாய் குறைந்தபட்சச் சம்பளம் அறிவித்தது. ஒரு தடவை ஓ.இ.டி. எழுதவே அந்த ஒரு மாதச் சம்பளம் போதாது. கோச்சிங் தனி. தோற்றால் நஷ்டம் முழுக்க இவளுடையது. ஆள் வேண்டும் என்று கேட்ட நாட்டுக்கு ஒரு காசும் இல்லை.

ஜெர்மனி வேறு மாதிரி. 2021 டிசம்பரில் கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் ஜெர்மன் அமைப்புகளோடு ஒப்பந்தம் போட்ட டிரிபிள் வின் திட்டத்தில், நர்ஸ்கள் இங்கே ஜெர்மன் மொழியை பி1 நிலை வரை இலவசமாகப் படிக்கிறார்கள். அடுத்த நிலையான பி2-வை அங்கே வேலை பார்த்துக்கொண்டே முடிக்கிறார்கள். புது மொழியை அடியிலிருந்து கற்பது லேசான காரியமில்லை. ஆனாலும் மொழி வார்டுக்குள் போன பிறகும் வளரும், அதற்குக் கூலி கொடுப்பவனும் பங்கு போட வேண்டும் என்ற ஒப்புதல் அந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது. ஆங்கில நாடுகள் அதைத் தனிப்பட்ட நர்ஸின் தலையில் கட்டிவிட்டன.

என் தீர்ப்பு இது. ஓ.இ.டி. நல்ல வாசற்படி, இருக்கிறவற்றில் சிறந்தது. அதில் தேறியவர் ஆங்கிலம் பேசுவார் என்பதற்கு அது சாட்சி, வார்டில் பேச வேண்டியதைப் பேசுவார் என்பதற்குச் சாட்சி இல்லை. அந்த மிச்சத்தைச் செய்ய வேண்டியது வேலைக்கு எடுத்த ஆஸ்பத்திரி. சான்றிதழைக் காட்டி அது கை கழுவக் கூடாது.

அவளிடமும் இதைத்தான் சொன்னேன். நேர்காணலில் அவர்கள் கேட்டு முடித்ததும் நீ ஒன்று கேள்: முதல் மூன்று மாதம் ராத்திரி ஷிஃப்டில் என்னோடு யார் இருப்பார்கள்?