‘லங்கர்’ என்னும் சொல்

ஒரு மொழியின் சொல்லைப் பிறிதொரு மொழியிற் பெயர்ப்பது, ஒரு குடத்து நீரை மற்றொரு குடத்தில் ஊற்றுவது போன்றது என்று எண்ணுவார் பலர். அகராதியைப் புரட்டினாற் போதும், வேலை முடிந்தது என்பது அவர்தம் துணிபு. அஃது எத்துணைப் பிழையான எண்ணம் என்பதற்கு, இந்தியில் வழங்கும் ‘லங்கர்’ என்னும் கப்பற் சொல் ஒன்றே தக்க சான்றாகும்.

இச்சொல் பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானிக்கு வந்தது. கப்பலை நிலைநிறுத்தும் இரும்புக் கருவி என்பதே கடலோடிகளிடத்து அதன் பொருள். நமக்கும் இது முற்றும் புதியதன்று. வங்காள மொழியில் ‘நோங்கர்’ என்றும் தெலுங்கில் ‘லங்கரு’ என்றும் வழங்கும் இச்சொல்லே தமிழில் ‘நங்கூரம்’ என உருமாறி நிற்கின்றது.

கப்பல் தளத்தில் இதனை ஆங்கிலப்படுத்துவதில் இடர் ஒன்றும் இல்லை. ‘லங்கர் டால்னா’ என்றால் நங்கூரம் பாய்ச்சுதல். ‘லங்கர் உடானா’ என்றால் நங்கூரம் தூக்குதல். ஆங்கில அதிகாரிகளும் இந்திய மாலுமிகளாகிய லஸ்கர்களும் ஒருவர் சொல்லை மற்றவர் அறிதல் வேண்டி, தாமஸ் ரோபக் என்பார் 1811-இல் கப்பற் சொற்களுக்கென்றே ஓர் ஆங்கில–இந்துஸ்தானி அகராதி வெளியிட்டார். கட்டளை பிழைத்தாற் கப்பல் கரை தட்டும். ஆதலின் அங்கே பொருள் வழுவுதற்கு இடமில்லை.

கரையேறிய பின்னரே தொல்லை தொடங்குகின்றது. வட இந்தியாவின் விரஜமொழிப் பாடல்களிற் கண்ணனை ‘லங்கர்’ என விளிப்பதுண்டு. அங்கே அதற்குக் குறும்பன், துடுக்கன் என்று பொருள். கோபியர் கண்ணனை நோக்கி, “ஏ நங்கூரமே!” என்றழைத்ததாக ஒருவர் ஆங்கிலத்தில் எழுதுவாராயின் அது நகைப்புக்கே இடமாகும். எனினும் இப்பிழை எளிதிற் புலப்படும். ஆகவே தீங்கு சிறிது.

தீங்கு பெரிதாவது மூன்றாவது பொருளிலேதான். சூஃபி ஞானியர் மடங்களிற் பசித்தோர்க்கு உணவளித்த சாலைக்கும் ‘லங்கர்’ என்றே பெயர். அலைந்து வருவோன் நிலைகொள்ளும் இடமாதலின் நங்கூரத்தின் பெயர் அதற்கு வந்தது என்பர் சிலர். வடமொழியின் ‘அனலகிருகம்’ என்பதன் திரிபே அது என்பர் வேறு சிலர். எங்ஙனமாயினும், சீக்கியர் அச்சொல்லை ஏற்றபோது அதற்குள் ஒரு புதிய கருத்து குடிபுகுந்தது.

குருத்துவாராவை இந்நாட்டுத் தமிழர் நன்கறிவர். காவற்படையிலும் காவல் வேலையிலும் சேர்ந்து கல்கத்தாத் துறைமுகத்தின் வழியாக மலாயாவுக்கு வந்த சீக்கியரை ‘வங்காளி’ என்றே நம்மவர் அழைத்தனர். சிங்கப்பூர் சிலாட் சாலையிற் சீக்கியக் காவலர் முயற்சியால் 1924-இல் எழுந்த குருத்துவாரா போன்றவற்றில், எவர் சென்றாலும் உணவு உண்டு. குரு நானக் (1469–1539) தொடங்கிய இவ்வழக்கத்தை மூன்றாம் குருவாகிய அமர்தாஸ் உறுதியாக்கினார். தம்மைக் காண வருவோர் முதலில் யாவரோடும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணல் வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. அக்பர் சக்கரவர்த்தியும் அவ்வரிசையில் அமர்ந்தார் என்பது சீக்கியர் மரபு. அவ்வரிசைக்குப் ‘பங்கத்’ என்று பெயர்.

இதனை ஆங்கிலத்தில் எழுதுவோர் ‘இலவசச் சமையலறை’ என்கின்றனர். பழையோர் ‘தருமசாலை’ என்றனர். இவ்விரண்டினும் சோறு இருக்கிறது, வரிசை இல்லை. சோறு விலையின்றிக் கிடைக்கிறது என்பது லங்கரின் பாதிப்பொருளே. அரசனும் ஆண்டியும், உயர்ந்தோன் எனப்பட்டவனும் தாழ்ந்தோன் எனப்பட்டவனும் ஒரே தரையில் அமர்வர் என்பதே அதன் உயிர். தருமம் என்றால் இடுவோன் மேலே, ஏற்போன் கீழே. லங்கரிலோ இன்று உண்பவன் நாளை பரிமாறுகிறான். உயிரை விடுத்து உடலை மட்டும் பெயர்ப்பது பெயர்ப்பாகுமா?

1943-இல் வங்காளத்தைப் பஞ்சம் வாட்டியபோது கஞ்சி வார்த்த இடங்களும் ‘லங்கர்க்கானா’ எனவே பெயர் பெற்றன. அங்கேயும் வரிசை இருந்தது. ஆனால் அது திருவோடு ஏந்தி நின்ற வரிசை. ‘இலவசச் சமையலறை’ என்னும் ஆங்கிலத் தொடர் இவ்விரண்டு வரிசைகளையும் ஒன்றாக்கி விடுகின்றது. மானத்தோடு அமர்ந்து உண்பதும், மானம் இழந்து நின்று ஏற்பதும் ஒன்றாகுமோ?

நம் தமிழில் இதனை ‘அன்னதானம்’ என்போரும் அதே குற்றத்துக்கு ஆளாவர். அதைவிடப் பொருத்தமான சொல் நம்மிடம் உண்டு. அது ‘சமபந்தி’ என்பது. ‘பங்கத்’ என்பதும் ‘பந்தி’ என்பதும் வடமொழிப் ‘பங்க்தி’ என்ற ஒரே சொல்லினின்று பிறந்தவை. சேரன்மாதேவி குருகுலத்திற் பிராமண மாணவர்க்குத் தனிப்பந்தி இட்டமை பற்றி 1924–25-இல் தமிழ்நாடு கொதித்தெழுந்ததை அறிந்தோர்க்கு, ‘சமம்’ என்னும் அடைமொழியின் எடையை எடுத்துரைத்தல் வேண்டா.

அங்ஙனமாயின் ஆங்கிலத்தில் யாது செய்வது? ‘லங்கர்’ என்பதை அவ்வாறே எடுத்தாளலாம். இன்று பலர் அவ்வாறே எழுதுகின்றனர். அதுவும் முழு மருந்தன்று. நம் ‘கட்டுமரம்’ ஆங்கிலத்திற் புகுந்தது. ஆயினும் அங்கே அது இரண்டு உடல் கொண்ட படகின் பெயராகிவிட்டது. சொல் கடல் கடந்தது. பொருள் கரையிலேயே நின்றுவிட்டது. ஆதலின் சொல்லை இரவல் வாங்குவோர், அதனருகே ஒரு வரியிலேனும் ‘யாவரும் சமமாய் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் இடம்’ என்று விளக்குதல் கடன்.

மொழிபெயர்க்கப் புகும் இளைஞர்க்கு நாம் கூறுவது இதுவே: அகராதியைக் கேளுங்கள், ஆனால் அதனோடு நின்றுவிடாதீர்கள். அச்சொல்லைச் சொல்வோர் யார், சொல்லும் இடம் யாது, அதனால் எவர் மானம் காக்கப்படுகிறது என்றும் கேளுங்கள். கப்பலுக்கு நங்கூரம் எவ்வாறோ, சொல்லுக்கு அதனை வழங்கும் மக்கள் வாழ்க்கை அவ்வாறு. அதனை அறுத்துவிட்டாற் சொல் திசை தெரியாது மிதக்கும்.