வீட்டு ஃபயர்வால்: பெட்டியும் மென்பொருளும்

கணினி, கைபேசி, தொலைக்காட்சி, காமிரா என்று ஒரு குடும்பத்தின் சாதனங்கள் யாவும் ஒரே இணைய இணைப்பில் சேர்ந்துவிட்ட இக்காலத்தில், அவற்றைக் காப்பதற்குத் தனியாக ஒரு ஃபயர்வால் பெட்டி வாங்க வேண்டுமா, அல்லது கணினிக்குள்ளேயே அமைந்திருக்கும் மென்பொருள் ஃபயர்வால் போதுமா என்னும் கேள்வி பலருக்கும் எழுகிறது. இரண்டையும் ஒரே வீட்டில், ஒரே இணைப்பில் வைத்துப் பழகிய அநுபவத்தில் எனக்கு உறுதிப்பட்ட அபிப்பிராயம் ஒன்று உண்டு. தம்மைத் தாமே காத்துக்கொள்ளச் சக்தியற்ற சாதனங்கள் வீட்டில் எத்தனை இருக்கின்றன என்பதைக் கொண்டே இந்தத் தேர்வைச் செய்ய வேண்டும்.

பரீட்சைக்கு எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்று, விண்டோஸ் 11 லேப்டாப்பில் கூடவே வரும் டிஃபெண்டர் ஃபயர்வால். மற்றொன்று, இன்டெல் என்100 பிராசஸரும் நான்கு நெட்வொர்க் போர்ட்டுகளும் கொண்ட, விசிறியில்லாத சிறு கணினி ஒன்றில் ஓப்பன்சென்ஸ் என்னும் இலவச மென்பொருளை நிறுவி அமைத்துக்கொண்ட பெட்டி. ஓப்பன்சென்ஸ் 2015-இல் பிஎஃப்சென்ஸிலிருந்து கிளைத்தது; ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மேல் இயங்குவது. ஆகவே பெட்டிக்குள் இருப்பதும் மென்பொருள்தான். லேப்டாப்பின் ஃபயர்வால் தான் காக்கும் யந்திரத்துக்குள்ளேயே நிற்கிறது; பெட்டியோ வீட்டுக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கிறது. இரண்டின் குணமும் குறையும் இந்த இடவேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

மென்பொருளை முதலில் பார்ப்போம். 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்தபோது அதனுள் இருந்த ஃபயர்வால் அணைக்கப்பட்ட நிலையிலேயே வந்தது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்னும் வார்ம், யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே 135-ஆம் போர்ட் என்னும் இணைப்பு வாயிலின் வழியாகக் கணினிகளுக்குள் புகுந்து உலகெங்கும் பரவிய பின்னர், 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2-இல்தான் ஃபயர்வால் எப்போதும் விழித்திருக்கும் நியதி ஏற்பட்டது. இன்றைய விண்டோஸ், வெளியிலிருந்து கேளாமல் வரும் இணைப்புகளைத் தானாகவே மறுக்கிறது. உள்ளிருந்து வெளியே செல்வதைப் பொதுவாக அநுமதிக்கிறது. லேப்டாப்பின் இணைப்பைப் ‘பப்ளிக்’ என்று குறித்து, வீட்டிலுள்ள மற்றொரு கணினியிலிருந்து என்மேப் என்னும் கருவி கொண்டு சோதித்தபோது ஒரு போர்ட்டும் பதில் தரவில்லை. ‘பிரைவேட்’ என்று மாற்றிக் கோப்புப் பகிர்வையும் திறந்தவுடன் 445-ஆம் போர்ட் வெளிப்பட்டது. ஆகவே, பகிர்வு அவசியமில்லையெனில் வீட்டில்கூட இணைப்பைப் பப்ளிக் என்றே வைத்திருப்பது நல்லது.

இந்த ஃபயர்வாலின் விசேஷம், எந்த புரோகிராம் இணைப்புக் கேட்கிறது என்பதை அது அறியும் என்பது. அதைவிடப் பெரிய சௌகரியம், லேப்டாப் எங்கே போனாலும் அது கூடவே வருகிறது என்பது. ரயில் நிலையத்து வைஃபையிலும் விடுதி அறையிலும் வீட்டுப் பெட்டியால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் நிர்வாகி அதிகாரத்தைக் கைப்பற்றிவிட்ட தீய மென்பொருள், தன்னைத் தடுக்க வேண்டிய இந்த ஃபயர்வாலையே அணைத்துவிட முடியும். மேலும் கணினிக்குள் உள்ள ஃபயர்வால் எல்லா இயங்குதளங்களிலும் தானாக விழித்திருப்பதில்லை. உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ என்னும் ஃபயர்வால் நிறுவப்பட்டே வந்தாலும் நாமே அதை இயக்க வேண்டும். மேக் கணினியிலும் அமைப்புகளில் சென்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது அவசியம்.

தொலைக்காட்சியிலும் காமிராவிலும் பிரின்டரிலும் நாம் ஃபயர்வால் நிறுவ முடியாது. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லே மாறாமல் இருந்த காமிராக்களையும் ரவுட்டர்களையும் டெல்நெட் வழியாகக் கைப்பற்றிய மிராய் என்னும் தீய மென்பொருள், 2016 அக்டோபர் 21 அன்று டைன் நிறுவனத்தின் இணையப் பெயர் தேடும் (டிஎன்எஸ்) சேவையைத் தாக்கிப் பல பெரிய இணையதளங்களை மணிக்கணக்கில் எட்டாதபடி செய்தது. காப்பாரற்ற இத்தகைய சாதனங்களுக்காகத்தான் நடுவே நிற்கும் பெட்டி தேவைப்படுகிறது.

அதை நிறுவுவதற்குப் பொறுமை வேண்டும். இணைய நிறுவனம் தந்த ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் நிலைக்கு மாற்றி, இணைப்புக்குரிய பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் புதிய பெட்டியில் பதிய வேண்டும். இல்லாவிடில் நாட் என்னும் முகவரி மாற்றம் இருமுறை நிகழ்ந்து, சில விளையாட்டுகளும் அழைப்புகளும் தடுமாறும். இவ்வளவும் முடிந்தபின் பெட்டியின் குறிப்பேட்டைத் திறந்தால், வீட்டில் அதுவரை கண்ணுக்குப் புலப்படாதிருந்த போக்குவரத்து முழுவதும் வரிவரியாகத் தெரிகிறது. யாரும் பார்க்காத நேரத்திலும் காமிரா அந்நிய சர்வர்களோடு ஓயாமல் தொடர்பு கொண்டிருந்ததை அங்கேதான் கண்டேன். அதன் முகவரிக்கு ஒரே ஒரு தடைவிதி எழுதியதும் அந்தத் தொடர்பு நின்றது. மெமரி கார்டில் பதிவு தடையின்றி நடந்தது. வெளியூரிலிருந்து கைபேசிச் செயலியில் பார்க்கும் வசதி மட்டும் போயிற்று. வெளியிலிருந்து அடையக்கூடிய முகவரியை நிறுவனம் தந்திருந்தால், பெட்டியிலேயே உள்ள வயர்கார்டு என்னும் விபிஎன் கொண்டு அதனையும் பாதுகாப்பாக மீட்டுக்கொள்ளலாம்.

பெட்டிக்கும் எல்லைகள் உண்டு. ஒரே வைஃபையில் உள்ள இரு சாதனங்கள் தமக்குள் பேசிக்கொள்வது பெட்டியைத் தொடாமலேயே நடந்துவிடுகிறது. 2017 மே மாதத்தில் வான்னாகிரை என்னும் வார்ம் 445-ஆம் போர்ட் வழியாக ஒரு கணினியிலிருந்து பக்கத்துக் கணினிக்குத் தாவியதைப் போன்ற ஒன்று வீட்டுக்குள் நிகழுமானால், அதைத் தடுக்க வல்லவை அந்தந்தக் கணினியின் ஃபயர்வாலும் காலத்தே செய்த அப்டேட்டுமே. காமிராக்களை, ஒரே நெட்வொர்க்கைப் பல பகுதிகளாக்கும் விலேன் முறையில் தனியே பிரித்து வைக்கலாம். அதற்கு அம்முறையை ஏற்கும் ஸ்விட்சும் வைஃபை சாதனமும் வேறாக வாங்க வேண்டும். இன்னொன்று, இன்றைய போக்குவரத்தில் பெரும்பகுதி மறைகுறியாக்கப்பட்டிருப்பதால், தபால்காரர் உறையின் மேலுள்ள முகவரியை மட்டுமே காண்பதுபோல், பெட்டி பாக்கெட்டின் உள்ளடக்கத்தை அறியாது.

செலவையும் நிதானமாக எண்ண வேண்டும். பெட்டியின் விலை, ஒரு நடுத்தர ஸ்மார்ட்போனின் விலைக்கு ஒப்பாகிறது. சுமார் 12 வாட் மின்சாரத்தை இடைவிடாது எடுத்துக்கொள்வதால் இரண்டு மாத மின்கணக்கில் ஏறக்குறைய 17 யூனிட் கூடும். மின்வெட்டின்போது பெட்டி நின்றால் வீடு முழுவதும் இணையம் நின்றுவிடும். ஆகவே யுபிஎஸ் இணைப்பு இன்றியமையாதது. நிறுவும்போது இசட்எஃப்எஸ் கோப்பு முறையைத் தேர்ந்துகொண்டால், திடீரென்று மின்சாரம் போனாலும் பெரும்பாலும் சேதமின்றி எழுகிறது. ஆண்டுக்கு இருமுறை வரும் பெரிய அப்டேட்டுகளைத் தவறாமல் இடுவதற்கு வீட்டில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அப்டேட் செய்யாத ஃபயர்வால் தானே ஓர் அபாயமாகிவிடும்.

இனித் தீர்ப்பு. இரண்டொரு லேப்டாப்பும் கைபேசிகளும் மட்டுமே உள்ள குடும்பம் பெட்டிக்காகப் பணம் செலவிட வேண்டியதில்லை. இணைய நிறுவனம் தந்த ரவுட்டரிலேயே ஓர் எளிய ஃபயர்வால் இருக்கிறது. அதன் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, சாதனங்கள் தாமே போர்ட்டைத் திறந்துகொள்ள இடம்தரும் யுபிஎன்பி வசதியையும் வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும் அணைத்து, கணினியின் ஃபயர்வால் இயங்குவதை உறுதிசெய்துகொண்டால் போதும். ஐபிவி6 என்னும் புதிய முகவரி முறையில் அமைந்த இணைப்பில் ஒவ்வொரு சாதனமும் இணையத்துக்கு நேரான முகவரி பெறுவதால், நாட் அளித்த மறைவு அங்கே கிடைக்காது. ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் இயங்குகிறதா என்று பார்ப்பது மிக முக்கியம். காமிராக்கள் பல இருக்கும் வீட்டுக்கும், வீட்டிலிருந்தபடியே அலுவலகத்தின் ரகசிய விவரங்களைக் கையாள்பவருக்கும் பெட்டியைத் தயங்காமல் சிபாரிசு செய்கிறேன். அவர்களும் பெட்டி வந்துவிட்டது என்பதற்காகக் கணினியின் ஃபயர்வாலை அணைத்துவிடலாகாது.