பிணை நின்ற படலமும் நம் வகுப்பறையும்

சீறாப்புராணத்தின் 5027 விருத்தங்களில், 'மானுக்குப் பிணை நின்ற படலம்' தமிழ்ப் பாட நூல்களுக்குப் பழகிய பகுதி. எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப் புலவரை எங்கள் தூத்துக்குடிச் சீமைப் பிள்ளைகள் பலர் அதன் வழியாகவே அறிகின்றனர். ஆனால் அறிவது யாது? காண்டம் மூன்று, ஆதரித்த வள்ளல் சீதக்காதி, அருஞ்சொற்பொருள் பத்து. நானும் பல்லாண்டு அவ்வாறே நடத்தினேன், மறைப்பதற்கில்லை.

உயிரிரக்கம் என்று சொல்லிப் பாடத்தை முடித்துவிடுகிறோம். இரக்கம் இப்படலத்தின் வாயில் மட்டுமே. தமிழில் 'பிணை' பெண்மானுக்கும் பெயர், ஜாமீனுக்கும் பெயர். பின்னதை ஃபிக்ஹு நூல்கள் 'கஃபாலத்' எனத் தனிப்பாடமாகவே வைத்துள்ளன. வேடன் கட்டிய மான், கன்றுக்குப் பாலூட்டி மீள்வதற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிணையாகின்றார்கள். காடு புகுந்த விலங்கு திரும்புமா என வேடன் ஐயுறுகிறான், நியாயமான ஐயந்தான். படலத்தின் உயிர்நாடியோ கானகத்தில் இருக்கிறது. அங்கே வேடனும் இல்லை, வலையும் இல்லை. போகாதே என்று தடுப்பது சொந்த இனமே. தனக்காக ஒருவர் பிணைப்பட்டிருக்கிறார் என்பதொன்றையே எண்ணி மான் கன்றோடு திரும்புகிறது.

குடிமையியல் வகுப்பில் உரிமைகளையும் கடமைகளையும் ஒப்புவிக்கச் செய்கிறோம். காண்பவர் இல்லாவிடத்தில், உற்றாரே தடுக்கையில், வாக்கைக் காப்பது அப்பட்டியலில் எங்கே உள்ளது? 1961 வரை இக்கடலில் நடந்த முத்துக்குளிப்பில், மூழ்கியவர் உயிர் படகில் கயிறு பிடித்தவர் கையில் இருந்தது. அவர்கள் வழிவந்த பிள்ளைகளுக்கு இப்படலம் அந்நியமாகாது.

இனி இதை நடத்தும் ஆசிரியர், மான் திரும்பாதிருந்தால் யார் யாருக்கு என்ன இழப்பு என்று வகுப்பைக் கேட்கட்டும். விடைகளுக்கு மதிப்பெண் இட வேண்டாம்.